கழுத்துக் கழலையும் இடைப் பரீட்சையும்

(செங்கற்பட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

வைத்திய சம்பந்தமான ஒரு விஷயத்தைப் பற்றி இம்மாதக் கூட்டத்தில் பேசுமாறு நமது காரியதரிசியவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நீரிழிவைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ நான் பேசுவேனென்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றி எடுத்துச் சொல்வோர் பலருளர். நான் இன்று எடுத்துக்கொண்டது அவ்வளவு பெருவாரியாகக் காணப்படாத ஒரு வியாதி. ஆயினும் அது பெரும்பாலும் வாலிபரையே பற்றுவது. சரியான காலத்தில் சரியான அளவில் சிகிச்சை செய்யின் பெரும்பாலும் குணமாவது. அளவு தவறினால் வீணே உயிரையோ உடலையோ கெடுப்பது. அது நம்மவர் குடும்பமொன்றில் புகுந்து வெளியேறியதைக் கண்ணாரக் கண்டவன் நான். அக்குடும்பம் வேறெதுவுமன்று, என்னுடையதே.

என் தமையனார் குமாரன் மாமல்லபுரத்தில் கல்வேலை செய்பவன். அப்பொழுது அவனுக்கு வயது இருபத்து நான்கு. திருக்கழுக்குன்றத்தில் நடந்த ஒரு விவாகத்தில், பந்திக்கு முன் என்னிடம் வந்து, "சித்தப்பா, இது என்னவென்று சற்றுப் பாருங்கள்" என்று இடக் கழுத்தைக் காட்டினான். நெல்லிக்காயளவில் ஒரு கழலை இருந்தது, வலி இல்லை, தொட்டால் ரப்பரைப் போல் இருந்தது. கல்தூசியிலேயே வேலை செய்பவனாதலாலும், நம் நாட்டில் கழுத்துக் கழலையென்றால் முதலில் க்ஷயரோகமே நினைவுக்கு வருவதாலும், "க்ஷயக் கழலையாயிருக்கும், உள்ளூர் வைத்தியரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையை வேதவாக்காகக் கொண்டு அவன் ஆறு மாத காலம் மாத்திரை சாப்பிட்டான். கழலையிலிருந்து சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டுமென்று நானும் சொல்லவில்லை. மருந்து கொடுத்தவரும் சொல்லவில்லை. கழலை கரையவில்லை, பெருத்தது. மாலைதோறும் காய்ச்சல் கண்டது. இரவில் பாய் நனைய வியர்த்தது. உடல் மெலிந்தது. பின்னும் இரண்டு மாதங் கழித்தே சதைப் பரிசோதனை நடந்தது. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை, என்று முடிவு வந்தது. நாற்பது வருஷ வைத்திய அநுபவமுள்ளவன் விவாகப் பந்தலில் நின்று கைவிரலால் சொன்ன ஒரு வார்த்தை எட்டு மாதத்தைத் தின்றுவிட்டது. அந்தக் குற்றம் என்னைச் சேர்ந்தது. அதை இச்சபையில் ஒப்புக்கொண்ட பின்னரே மற்றவற்றைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.

இவ்வியாதியின் பெயர் வந்த வரலாறு சுருக்கமானது. லண்டன் மாநகரில் கய் ஆஸ்பத்திரியில் பணி செய்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் வைத்தியர், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த சிலருடைய வரலாற்றை 1832-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். பின்னர் 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவர் இந்நோய்க்கு அவருடைய பெயரையே சூட்டினார். நம் உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும், அவற்றிடையே கழுத்து, கக்கம், மார்பு, வயிறு, தொடைச்சந்து ஆகிய இடங்களில் கணுக்களும் உள்ளன. அக்கணுக்களில் தோன்றும் புற்றே இது. உதரவிதானம் என்னும் மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் முதல் இரண்டு நிலைகள். இருபக்கமும் பரவினால் மூன்றாம் நிலை. ஈரல், நுரையீரல், எலும்பு மச்சை முதலிய உறுப்புக்களிற் பரவினால் நான்காம் நிலை. மூன்றும் நான்குமே முற்றிய நிலை எனப்படும். இரண்டாம் நிலையிலும் பெருங்கட்டியும் காய்ச்சல் முதலியனவும் உடையோரை அவ்வகுப்பிலேயே சேர்ப்பதுண்டு. முற்றியது என்னும் சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டுவதில்லை. மற்றப் பல புற்றுநோய்களுக்கு மாறாக, இது முற்றிய நிலையிலும் பெரும்பாலோர்க்குக் குணமாகும் வியாதி. இது தொற்று நோயுமன்று.

இதற்குச் செய்யும் மருந்துச் சிகிச்சை, அதாவது கீமோதெரபி, நான்கு மருந்துகளின் கூட்டு. அவற்றின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏ.பி.வி.டி. என்பர். இக்கூட்டை வகுத்தவர் இத்தாலி தேசத்து மிலான் நகரில் இருந்த ஜானி பொனடோனா என்பவர். 1975-இல் அவர் இதனை வெளியிட்டார். முதல் மருந்தாகிய டாக்ஸோரூபிஸின் இத்தாலிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. இரண்டாவதாகிய பிளியோமைஸின் ஜப்பானில் ஹமாவோ உமெஸாவா என்பவர் கண்டது. மூன்றாவது வின்பிளாஸ்டின். இதன் தாய்ச்செடியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை மணலிலும், நம் வீட்டு முற்றத்திலும், சுடுகாட்டோரத்திலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியே அது. கானடா தேசத்தில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்னும் இருவர் 1958-இல் அதன் இலையிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: அவ்விலையைக் கஷாயமிட்டுக் குடிப்பதால் இந்நோய் தீராது, அளவறியாத விஷமே உள்ளே போகும். நான்காவது டகார்பஸின். இந்நான்கையும் இரத்தக் குழாய் வழியே பதினைந்து நாளுக்கொரு முறை செலுத்துவர். இருமுறை செலுத்துவது ஒரு சுற்று. அதற்கு இருபத்தெட்டு நாள். முற்றிய நிலைக்கு ஆறு சுற்று வழக்கம். ஆகப் பன்னிரண்டு முறை, ஆறு மாத காலம்.

இதைவிடக் கடுமையான வேறொரு கூட்டும் உண்டு. ஜெர்மனி தேசத்தார் வகுத்த அதற்குப் பீகாப் என்று பெயர். அது நோயை அதிக வேகத்தில் அடக்கும். ஆயின் இரத்த அணுக்களை மிகவும் குறைத்து ஜுரத்திலும் கிருமித் தொற்றிலும் தள்ளக்கூடும். சந்தான சக்தியையும் கெடுக்கக்கூடும். ஆகவே வெகு காலமாக வைத்தியர்களை வாட்டிய கேள்வி ஒன்றே. எல்லோருக்கும் மென்மையான கூட்டைக் கொடுத்தால் சிலர்க்கு நோய் மீளும். எல்லோருக்கும் கடுமையான கூட்டைக் கொடுத்தால், மென்மையானதிலேயே குணமாகியிருக்கக் கூடிய பலர் வீணே துன்புறுவர். யாருக்கு எது வேண்டுமென்று முன்கூட்டியே அறிவதெப்படி?

நம் குலத்தொழிலில் இக்கேள்விக்கு விடையுண்டு. தட்டான் பொன்னை உருக்கியபின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறான். பார்த்த பின்னரே மேலும் நெருப்பு வேண்டுமா என்று முடிவு செய்கிறான். முதலிலேயே இத்தனை முறை என்று விதித்துக்கொண்டு கண்ணை மூடி ஊதுவதில்லை. வைத்தியர்களும் முடிவில் இம்முறைக்கே வந்தார்கள். இரண்டு சுற்று மருந்து கொடுத்தபின் நிறுத்திப் பார்ப்பது. கண்டதற்கேற்ப மேற்கொண்டு நடப்பது. பார்க்கும் உரைகல் பெட் ஸ்கேன் என்னும் படம்.

அப்படத்தின் தத்துவம் எளிது. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உண்பவை. ஆகவே சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளில் கதிர் வீசும் புளோரின் அணுவைச் சேர்த்து இரத்தத்தில் செலுத்துகின்றனர். அது உயிருள்ள புற்று எங்கே உண்டோ அங்கே சென்று தங்கும். தங்கிய இடம் படத்தில் ஒளிரும். அந்தப் புளோரின் சுமார் 110 நிமிஷத்துக்கொரு முறை பாதியாகத் தேய்ந்துவிடுமாதலின் வெகு நேரம் வைத்திருக்க முடியாது; குறித்த நேரத்துக்குத் தவறாது செல்லவேண்டும். சுமார் ஆறு மணி நேரம் உணவின்றி இருத்தலும், ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாது ஓய்ந்திருத்தலும் அவசியம். நீரிழிவுள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்று சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காதிருத்தல் நலம்.

சாதாரணப் படம் கட்டியின் பருமனை மட்டுமே காட்டும். சிகிச்சைக்குப் பின் கட்டி இருந்த இடத்தில் வெறுந் தழும்பு எஞ்சியிருக்கலாம், அது உயிரற்றது. பெட் படமோ உயிர் உண்டா இல்லையா என்பதைக் காட்டும். அதனை அளக்க ஐந்து படிகள் வகுத்திருக்கின்றனர். 2009-இல் பிரான்ஸ் தேசத்து டோவில் என்னும் கடற்கரை ஊரில் நிபுணர்கள் கூடிப் பேசியதால் அவ்வளவைக்கு டோவில் அளவை என்று பெயர். ஒளியே இல்லையாயின் ஒன்று. மார்பின் நடுவே ஓடும் இரத்தத்தின் ஒளிக்கு மேற்படாதிருப்பின் இரண்டு. அதற்கு மேற்பட்டு ஈரலின் ஒளிக்கு மேற்படாதிருப்பின் மூன்று. ஈரலினும் சற்று மிகுந்தால் நான்கு. மிகவும் மிகுந்தாலோ, புதிய இடத்தில் தோன்றினாலோ ஐந்து. முதல் மூன்றும் நற்குறி, பின்னிரண்டும் கவலைக்குரியன.

இந்தக் குறி எவ்வளவு உண்மை பேசுகிறதென்பதை இத்தாலியரும் டென்மார்க்கினரும் சேர்ந்து 260 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். இரண்டு சுற்றுக்குப் பின் படம் தெளிவாயிருந்தோரில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு வருஷம் வரை நோய் மீளாதிருந்தனர். படம் ஒளிர்ந்தவரோ மருந்தை மாற்றாது தொடர்ந்தபோது நூற்றுக்கு 13 பேரே அவ்வாறிருந்தனர். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இது. அப்படியாயின் படத்தின் சொற்படி மருந்தை மாற்றினால் என்ன?

அதை ஆராய்ந்ததே ரேதல் என்று பெயர் பெற்ற பெரிய பரிசோதனை. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் 1,200-க்கு மேற்பட்ட நோயாளிகள் 2008 முதல் 2012 வரை இதிற் சேர்ந்தனர். முடிவு 2016-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஏ.பி.வி.டி. இரண்டு சுற்று, பிறகு படம். படம் எடுத்த 1,119 பேரில் 937 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 84 பேருக்கு, நற்குறி கண்டது. இவர்களைச் சீட்டுப் போட்டாற்போல் இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்புக்கு நான்கு மருந்தையும் தொடர்ந்தனர். மற்ற வகுப்புக்குப் பிளியோமைஸினை நீக்கி மூன்றையே கொடுத்தனர். மூன்று வருஷத்தில் நோய் மீளாதிருந்தோர் முதல் வகுப்பில் நூற்றுக்கு 85.7, இரண்டாவதில் 84.4. உயிரோடிருந்தோர் 97.2, 97.6. இரண்டும் சமமென்று கணித விதிப்படி ஐயமற நிறுவுவதற்கு ஒரு நூலிழை குறைந்ததென்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் பிளியோமைஸினை நீக்கியவர்களுக்கு நுரையீரல் கேடு குறைந்தது தெளிவாகத் தெரிந்ததால், நற்குறி கண்டோர்க்கு அதனை நீக்குவது பல தேசத்திலும் வழக்கமாயிற்று. படம் ஒளிர்ந்த 172 பேருக்குக் கடுமையான பீகாப் கொடுத்தனர்; அவர்களில் நூற்றுக்கு 67.5 பேர் மூன்று வருஷம் நோய் மீளாதிருந்தனர். முன்னே சொன்ன 13-உடன் ஒப்பிட்டால் இது பேருபகாரமே. ஆனால் இவர்களை இரு வகுப்பாகப் பிரித்து ஒப்பிடவில்லையாதலின், மருந்தைக் கூட்டுவதன் பயன் மருந்தைக் குறைப்பதன் பயனைப் போல் அத்தனை உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஜெர்மனியரோ மறுமுனையிலிருந்து வந்தனர். கடுமையான கூட்டிலேயே தொடங்கி, படம் தெளிந்தவர்களுக்குச் சுற்றுக்களை நான்காகக் குறைத்தாலும் நோய் அதிகமாக மீளவில்லையென்று 2017-இல் காட்டினர்.

இவையெல்லாம் சீமைச் சரக்கு, நம்மூருக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகும். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் சென்னை அடையாறு. அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாது முயன்று 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்தது. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் காலஞ்சென்ற டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். அந்நிலையத்தினரே, முற்றிய ஹாட்ஜ்கின் நோயுடைய 50 பேருக்கு இரண்டு சுற்று ஏ.பி.வி.டி. கொடுத்து, படம் பார்த்து, தெளிந்தவர்களுக்கு அதனையே தொடர்ந்தும், ஒளிர்ந்தவர்களுக்குப் பீகாப்புக்கு மாற்றியும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். நம் சீதோஷ்ணத்தில், நம் உணவு உண்டு, நம் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவர்களிடமே இம்முறை நடத்திப் பார்க்கப்பட்டதென்பதே இதன் சிறப்பு.

அளவைப் பரீட்சித்து அறிதல் நம் பக்கத்துக்குப் புதிதுமன்று. இச்செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1946-இல் சல்போன் மருந்தை ஊசி வழியே கொடுத்துப் பார்த்தார். அதே மருந்து சிறிய மாத்திரையளவிலேயே போதுமென்பது சில வருஷங்களில் உலகமெங்கும் தெளிந்தது. 1956-இல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோகச் சிகிச்சை நிலையத்தார், சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை செய்வதையும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அவ்வளவே பயன் தருமென்று 1959-இல் காட்டினர். குறைத்தாலும் போதுமென்பதை ஊகத்தால் அன்றிப் பரீட்சையால் அறிந்தனர் என்பதே இவற்றின் பாடம்.

இனி என் தமையனார் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு சுற்று முடிந்தது. பையனுக்குக் காய்ச்சல் நின்றது, கழலை கைக்கு அகப்படவில்லை, பசியெடுத்தது. என் தமையனார், "உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு இந்த விஷம்? நிறுத்திவிடலாம்" என்றார். என் மதனியாரோ, "தம்பி, செலவைப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே பலமான மருந்தாகக் கொடுக்கச் சொல்லுங்கள், மறுபடி வரக்கூடாது" என்று அழுதார். இருவரும் பிள்ளையின்மேல் வைத்த அன்பினாலேயே பேசினர். இருவர் சொல்லும் அவனைக் கெடுத்திருக்கும். முன்பு ஒரு முறை கைவிரலை நம்பிப் பேசிய நான் இம்முறை, "அண்ணா, நீங்களும் தீர்மானிக்க வேண்டாம், மதனியும் தீர்மானிக்க வேண்டாம், நானும் தீர்மானிக்கவில்லை, படம் சொல்லட்டும்" என்றேன். படத்தில் டோவில் அளவை இரண்டு என்று வந்தது. வைத்தியர் பிளியோமைஸினை நிறுத்தி, மற்ற மூன்றையும் நான்கு சுற்று தொடர்ந்தார். நற்குறி கண்டும் சிகிச்சை நிற்கவில்லை, கடுமையாகவும் இல்லை. இன்றைக்கு மூன்று வருஷம் கடந்துவிட்டது. அவன் மீண்டும் உளி பிடிக்கிறான்.

பிளியோமைஸினை நிறுத்தியது நம்மவர்க்கு ஏன் விசேஷமென்று சொல்ல வேண்டும். அம்மருந்து சிலருடைய நுரையீரலை இறுகச் செய்யும். சிலர்க்கு அது உயிர்க்கே ஆபத்து. வயது மிகுந்தோர்க்கும், புகை பிடிப்போர்க்கும், சிறுநீரகம் தளர்ந்தோர்க்கும், முன்னரே நுரையீரல் கெட்டவர்க்கும் அபாயம் அதிகம். கருங்கல்லை அறுத்தும் செதுக்கியும் வாழும் நம்மவர் மார்பில் வருஷக்கணக்காகக் கல்தூசி படிகிறது. மின்விசையால் சுழலும் அறுப்புச் சக்கரம் வந்தபின் தூசி முன்னிலும் நுண்ணியதாய் மிகுதியாய்ப் பறக்கிறது. ஆதலால் நம்மவர் எவரும் இச்சிகிச்சைக்குச் செல்லும்போது, "நான் கல்வேலை செய்பவன்" என்பதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லவேண்டும். சிகிச்சையின் நடுவே வறட்டிருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் அடுத்த முறை வரை காத்திராமல் உடனே தெரிவிக்கவேண்டும். கல்தூசி படிந்த மார்பில் க்ஷயரோகமும் எளிதிற் புகும். நம்மவரிடம் கழுத்துக் கழலையைக் கண்டவுடன் க்ஷயமென்று நினைப்பதற்கு அதுவே காரணம். நினைத்ததோடு நில்லாமல் சதையெடுத்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டுமென்பதற்கும் அதுவே காரணம்.

படமும் பிழையற்றதன்று. க்ஷயக் கணுவும், வேறு கிருமியால் வீங்கிய கணுவும் படத்தில் ஒளிரும். ஆதலின் நான்கு அல்லது ஐந்து என்று வந்தவுடன் மனமுடைந்து போகலாகாது. சந்தேகமுள்ள இடத்தில் மீண்டும் சதையெடுத்துப் பார்க்கவேண்டுமா என்று வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை. உண்மையிலேயே நோய் எஞ்சியிருக்குமாயின், கடுமையான மருந்துக்கு மாறுவது தண்டனையன்று; தக்க சமயத்தில் கிடைத்த எச்சரிக்கை. சமீப காலத்தில் நிவோலுமாப் முதலிய புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. அதனை முதலிலிருந்தே சேர்த்துக் கொடுப்பதன் நற்பயன் 2024-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. விலையோ நம்மில் பலருக்கு எட்டாதது. எட்டும் மருந்தைக் கணக்காகப் பயன்படுத்தும் வழியாகவே இவ்விடைப் பரீட்சை நமக்கு உதவுகிறது.

வாலிபரைப் பெற்ற தாய்மாருக்கு இன்னுமொரு வார்த்தை. கலியாணம் தடைப்படுமென்று அஞ்சிக் கழலையைத் தாவணிக்குள்ளும் சட்டைக் கழுத்துக்குள்ளும் மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டென்பதை நான் அறிவேன். மறைத்த நாளெல்லாம் நோய் நிலை ஏறுகிறது. ஏ.பி.வி.டி. பெற்றுக் குணமானவர் பலர் பின்னர் மணம் புரிந்து மக்கட்பேறு அடைந்திருக்கின்றனர். கடுமையான கூட்டால் சந்தான சக்தி குறையக்கூடுமாதலின், மருந்து தொடங்குமுன்பே ஆண்மக்கள் தம் விந்துவை உறைநிலையில் சேமித்து வைப்பதைப் பற்றியும், பெண்மக்கள் தமக்குரிய வழிகளைப் பற்றியும் வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். தொடங்கியபின் கேட்பது காலங்கடந்த கேள்வி.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மருந்துக்கு எவ்வாறேனும் பணம் தேடுபவர்கள் படத்துக்கு வரும் பல ஆயிரம் ரூபாயைக் கண்டு, "அதுதான் தேறிவிட்டானே" என்று அதை விட்டுவிடுகிறார்கள். உரைகல்லை விற்றுவிட்டுப் பொன் வாங்குவது போன்றது இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவியுண்டு. எந்தச் செலவு அதில் அடங்குமென்பதை ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். 1965 முதல் நம் செங்கற்பட்டில் அரசாங்க வைத்தியக் கல்லூரி இருக்கிறது; காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது; அடையாறு நிலையமும் இருக்கிறது. வழி தெரியாதவர் வீண்போகலாகாது. நமது சங்க நிதியில் வருஷந்தோறும் படிப்புக்குப் பரிசளிக்க ஒரு தொகை ஒதுக்குகிறோம். அதுபோல, இத்தகைய நோயாளியின் இடைப் படத்துக்கும் வழிச்செலவுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டுமென்று நிர்வாக சபையாரை வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன். அதன் ஆரம்பத்துக்கு என் ஒரு மாத ஓய்வூதியத்தை இன்றே காரியதரிசியவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

நான் சொன்னவற்றுள் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டியவை நான்கு. கழுத்திலோ கக்கத்திலோ தோன்றிய கழலை ஒரு மாதத்துக்கு மேல் கரையாதிருப்பின், யார் சொன்னாலும், நான் சொன்னாலுமே, சதைப் பரிசோதனையின்றி மாத்திரை தொடங்கவேண்டாம். சிகிச்சை தொடங்குமுன் ஒரு படமும் இரண்டு சுற்றுக்குப் பின் ஒரு படமும் உண்டா என்று கேளுங்கள். முன்படம் இன்றிப் பின்படத்தை ஒப்பிடுவது கடினம். படம் நன்றாக வந்ததென்று மருந்தை நிறுத்தவேண்டாம். நன்றாக வரவில்லையென்று நம்பிக்கையை விடவேண்டாம். கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் கையில் இருக்கட்டும். அவர் கண்ணுக்கு முன் படம் இருக்கட்டும்.

பாட்டனார் கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டபின்பே அடுத்த அடியை அடித்ததைச் சிறுவயதில் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை விவாகப் பந்தலில் ஒரு நாள் மறந்தேன். நீங்கள் மறவாதிருக்க வேண்டுமென்பதே என் பிரார்த்தனை.